முனியாண்டிக்கு வைத்த சோறு

செல்வம்,

கல்யாணப் பந்தியில் உன் அப்பா உட்காரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாய். இன்னும் இறக்கியதாகத் தெரியவில்லை. பெண் வீட்டார் முன்னால் மானம் போயிற்று என்று பெரியம்மாவிடம் சொல்லி அழுதாயாம். சம்பந்தி கையைப் பிடித்து இழுத்தும் அவர் வாழையிலை முன்னால் உட்காராமல், சமையல்கட்டுப் பக்கம் போய் மங்குத் தட்டில் சோறு வாங்கிச் சாப்பிட்டார். நானும்தான் பார்த்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை உன்னிடம் சொல்லாமலே கண்ணை மூடிவிட வேண்டும் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். நேற்று வந்த உன் கடிதம் அந்த நினைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது.

உன்னைச் செலண்டாருக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். புதுக்கிராமத்துச் சனங்களையும் தோட்டத்துச் சனங்களையும் வரிசையில் கூப்பிட்டு, யார் யார் இந்த நாட்டுக்காரர் என்று விசாரித்துப் பதிகிற வேலையாம். சின்ன வயதில் ஓடியாடின ஊர்தானே அம்மா, சந்தோஷப்படு என்கிறாய். அதோடு நிறுத்தினாயா? பழைய சிநேகிதன் ஆ செங்கின் அம்மாவைப் பார்த்தால் அவனுடைய சிங்கப்பூர் விலாசத்தை வாங்கிவிடுவேன், கல்யாணத்துக்குத்தான் அவனைக் கூப்பிட முடியவில்லை என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து முந்தானையில் செருகிக்கொண்டேன். என்ன எழுதியிருக்கிறான் என்று அப்பா கேட்டார். வேலை மாற்றமாம் என்று மட்டும் அப்போதைக்குச் சொல்லி வைத்தேன்.

ஐயா, ஆ செங் சிங்கப்பூரில் இல்லை. எங்கேயும் இல்லை. அவன் அம்மா உன் மேசைக்கு முன்னால் வந்து உட்காருவதற்குள் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் நீ வாயைத் திறந்து ஏதாவது கேட்டுவிட்டால் அவள் கதி என்ன ஆகும், உன் அப்பா கதி என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இவ்வளவு நீளமாக யாருக்கும் எழுதியதில்லை. பிழையைத் திருத்திக்கொண்டு உட்காராதே, கடைசிவரை படி.

நம் தோட்டத்து எல்லையில், ரப்பர் மரம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருந்த முனியாண்டி கோயில் உனக்கு ஞாபகம் இருக்கும். கோயில் என்று சொல்வது நம் மரியாதைக்கு. ஒரு கல், ஒரு சூலம், மேலே நாலு தகரம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் உன் அப்பா குளித்துவிட்டு, நான் ஆக்கிக் கொடுக்கிற சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் முட்டையையும் சுருட்டையும் எடுத்துக்கொண்டு போய் இலையில் படைத்துவிட்டு வருவார். படைத்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் இலை அசைந்தாலும் சரி, யாரோ கூப்பிடுவதுபோல இருந்தாலும் சரி, நேரே லயத்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஊரில் அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்ததை மனசில் வைத்துக் கப்பலேறி வந்தவர், அதை ஒரு வாரமும் மீறியதில்லை. நீ சின்னவனாக இருந்தபோது அவர் பின்னால் போய், திரும்பிப் பார்த்துவிட்டு அடி வாங்கினாயே, அது எதற்கு என்று இப்போது தெரிகிறதா?

அந்தக் கல் நமக்கு மட்டும் சாமியாக இருக்கவில்லை. சாயூர் விற்க வருகிற சீனத்து அக்கா, அதுதான் ஆ செங்கின் அம்மா, காய்கறிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கே ஊதுபத்தி கொளுத்தி ஆரஞ்சுப் பழம் வைப்பாள். கேட்டில் காவல் நிற்கிற மலாய்க்காரர் பாக் மாட் அதை டத்தோ, இடத்தைக் காக்கிற பெரியவர் என்பார். அந்தப் பக்கம் போனால் சத்தமாகப் பேசமாட்டார், துப்பமாட்டார். ஒரே கல்லுக்கு ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் இருந்தோம். யாரும் எங்களுக்கு ஒற்றுமை பற்றிப் பாடம் நடத்தவில்லை. ஆரஞ்சுப் பழத்தில் பாதியை நீயும் ஆ செங்கும் தின்றுவிடுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பிறகு அந்த அவசரகாலம் வந்தது. நீ மலாக்காவில் பெரியம்மா வீட்டில் தங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். தோட்டத்தில் நாங்கள் பட்டதை உனக்கு எழுதியதில்லை. எழுதினால் படிப்பு கெட்டுவிடும் என்று பயம், யாராவது பிரித்துப் படித்துவிடுவார்களோ என்று அதைவிடப் பயம். வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்கள் வந்து அரிசி கேட்டார்கள். கொடுத்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். கொடுக்காவிட்டால் இவர்கள் சுடுவார்கள். பால் வெட்டப் போகிற மனுஷன் முழுசாகத் திரும்பி வருவாரா என்று ஒவ்வொரு காலையும் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அரசாங்கம் எங்கள் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டது. சனங்களுக்குப் பாதுகாப்பு என்றார்கள். காட்டோரம் தோட்டம் போட்டிருந்த சீனர்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய், வேறொரு முள்வேலிக்குள் இறக்கிப் புதுக்கிராமம் என்று பேர் வைத்தார்கள். காவலுக்கு மலாய்க்காரர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். ஆக, சீனன் ஒரு வேலிக்குள், தமிழன் ஒரு வேலிக்குள், மலாய்க்காரன் வேலிக்கு வெளியே துப்பாக்கியோடு. இதைப் போட்டவனுக்கு நாங்கள் மூன்று பேரும் அதற்கு முன் எப்படி இருந்தோம் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவனுக்கு நேரமில்லை.

சீனத்து அக்கா குடிசையைக் காலி செய்த அன்று நான் வேலிக்கு உள்ளே நின்று பார்த்தேன். பன்றியைக் கட்டிப் போட்டிருந்தார்கள். பயற்றங்கொடி காய்த்துத் தொங்கியது, பறிக்க விடவில்லை. குடிசைக்கு நெருப்பு வைத்தபோது அவள் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஆ செங்கைக் கூப்பிட்டார்கள், அவனைக் காணோம். கொல்லைப் பக்கமாகக் காட்டுக்குள் ஓடிவிட்டான். கொள்கை பேசிக்கொண்டு ஓடினானா, பயந்துகொண்டு ஓடினானா என்று எனக்குத் தெரியாது. உன் வயதுப் பிள்ளை. அவன் கண்ணில் நான் கடைசியாகப் பார்த்தது பயம்தான். அன்று முதல் யார் கேட்டாலும் அவன் அம்மா பாசாரில் உரக்கச் சொல்லுவாள், மூத்தவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று. உனக்கும் அப்படித்தான் தெரியும்.

அதற்குப் பிறகு சோற்றுச் சட்டம் வந்தது. அரிசி வெளியே போகக் கூடாது, ஆக்கின சோறும் போகக் கூடாது. காட்டுக்காரர்களைப் பட்டினி போட்டு வெளியே இழுக்கிற திட்டம். பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போவார்கள். கேட்டில் எங்களை நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைப் பெண்கள்தான் தடவினார்கள் என்றாலும் கூச்சம் கூச்சம்தான். இந்தச் சட்டத்தைத் தோட்டத்துத் துரை ஆபீஸ் முன்னால் நின்று தமிழில் படித்தபோது எல்லாரும் கேட்டோம். உன் அப்பாவும் கேட்டார். ஆனால் அவர் மனசில் அது மனுஷன் தின்கிற சோற்றுக்குப் போட்ட சட்டம். சாமி சோற்றை எந்த ராஜாங்கம் தடுக்கும் என்பது அவர் கணக்கு. பாக் மாட்டுக்கும் அதே கணக்கு. வெள்ளிக்கிழமை தோறும் படையல் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, “டத்தோ புஞ்ஞா, போலா,” டத்தோவுக்குத்தானே, போய் வா என்று வழிவிட்டுவிடுவார். வேண்டாங்க, பயமா இருக்கு என்று உன் அப்பாவிடம் சொன்னேன். “காவலுக்கு நிக்கிறவனே விடுறான், நீ ஏன் உதறுறே?” என்று என்னைத்தான் கேலி செய்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வைத்துவிட்டு வந்த சூடு ஆறுவதற்குள் போலீஸ் ரோந்து அந்த இலையைப் பார்த்துவிட்டது. யார் வைத்தது என்று லயத்துக்கு வந்து கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கலாம் அல்லவா? உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் போய், நான்தான் வச்சேன் என்றார். ஆபீஸ் வாசலில் விசாரணை நடந்தது. போலீஸ் துரை சின்ன வயதுக்காரன், வெயிலில் சிவந்த முகம். இங்கே வருவதற்கு முன் பலஸ்தீனத்தில் இருந்தவனாம். அங்கேயும் இரண்டு சாதி சனங்களுக்கு நடுவில் நின்று அடக்கப் பார்த்து, முடியாமல் கப்பலேறிவிட்டார்களாம். தோட்டத்துத் துரை பிறகு ஒரு நாள் சொன்னார். அவன் இங்கிலீஷில் கேட்டதைத் தோட்டத்துத் துரை தமிழில் கேட்டார். நாங்கள் பெண்கள் எல்லாம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

“யாருக்கு வச்ச?”

“முனியாண்டிக்குங்க, தொரை.”

“யார் சாப்பிட்டா?”

“முனியாண்டிதாங்க.”

“நீ பார்த்தியா?”

“பார்க்கக் கூடாதுங்க. வச்சிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துரணும்.”

“மறுநாள் இலையில சோறு இருக்குமா?”

“ஒரு பருக்கை இருக்காதுங்க!”

அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா? சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். நாய் தின்னும், குரங்கு தின்னும், பன்றி தின்னும் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. போலீஸ் துரை அடுத்ததாக எங்கே பிறந்தாய் என்று கேட்டான். சேலத்துப் பக்கம் என்றார். என் உயிர் பாதி அங்கேயே போய்விட்டது. நான் மலாக்காவில் பிறந்தவள், என்னை வெள்ளைக்கார ராஜாவின் பிரஜை என்பார்கள். அவரை எப்போது வேண்டுமானாலும் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடலாம். ஒரே பாயில் படுக்கிற இரண்டு பேருக்கு இரண்டு சட்டம். அப்படிக் காட்டுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று அனுப்பப்பட்டவர்களைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். இந்தியாவில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? நீயும் நானும் இங்கே, அவர் அங்கே என்று ஆகிவிட்டால் இந்த ஜென்மத்தில் பார்ப்போமா?

அவரைச் செலண்டார் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். பாக் மாட்டுக்கு வேலை போயிற்று. தோட்டத்துத் துரை, இவன் நல்ல வேலைக்காரன், சாமிப் பைத்தியம், வேறொன்றும் இல்லை என்று சிபாரிசு செய்தாராம். அதற்குப் போலீஸ் துரை ஒரு வழி சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமை இவனே வழக்கம்போலப் படைக்கட்டும், நாங்கள் மறைந்திருந்து பார்க்கிறோம், மிருகம் வந்து தின்றால் இவனை விட்டுவிடுகிறேன். என்னிடம் சோறு ஆக்கி வாங்கிக்கொண்டு போக வந்தபோது உன் அப்பாவைக் கூடவே கூட்டி வந்தார்கள். முகத்தில் தாடி. கண்ணில் பயமே இல்லை.

“பாக்கட்டும்லா. முனி யாருன்னு இவங்களுக்கும் தெரியட்டும்.”

“யாராவது ஆளு வந்துட்டாங்கன்னா என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“ஆளு எதுக்கு அங்க வரப்போகுது?” என்றார். அவருக்கு உண்மையாகவே அந்த எண்ணம் வரவில்லை, ஐயா. இத்தனை வருஷமாகத் திரும்பிப் பார்க்காதவர் அவர்.

அந்தப் பிற்பகல் முழுக்க லயத்தில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. குரங்கு வரட்டும், பன்றி வரட்டும் என்று நான் தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தம்பியும் காட்டில் இருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் வேறு ஒரு வேண்டுதலோடு என் கையைப் பிடித்திருக்கிறாள்.

அங்கே நடந்ததை உன் அப்பா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அவரையும் புதருக்குள் உட்காரவைத்து, பார், கண்ணை மூடாதே என்றார்களாம். முதலில் குரங்கு வந்ததாம். முட்டையை எடுத்துக்கொண்டு ஓடியது. போலீஸ் துரை தோளைக் குலுக்கினானாம். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம், தப்பித்தோம் என்று. எழுந்திருக்கப் போகிற நேரத்தில் காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். வந்தவன் நேரே சோற்றில் கை வைக்கவில்லை. கல்லுக்கு முன்னால் நின்று, அவன் அம்மா செய்வாளே, அதேபோல இரண்டு கையையும் சேர்த்து ஆட்டி, குனிந்து குனிந்து கும்பிட்டான். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அள்ளித் தின்றான். அப்போதுதான் இவருக்கு அவன் யார் என்று தெரிந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தாராம். பக்கத்தில் இருந்தவன் வாயைப் பொத்திவிட்டான். தின்றுகொண்டிருக்கும்போதே சுட்டுவிட்டார்கள்.

அவன் கையில் துப்பாக்கி இருந்ததாகப் பேப்பரில் போட்டார்கள். உன் அப்பா பார்க்கவில்லை என்கிறார். இவனைத் தெரியுமா என்று போலீஸ் துரை கேட்டான். தெரியாதுங்க என்று சொல்லிவிட்டார். பொய்யே பேசாத மனுஷன், அந்த ஒரு பொய்யை உடனே சொல்லிவிட்டார். தெரியும் என்றிருந்தால் சீனத்து அக்காவையும் மற்றப் பிள்ளைகளையும் அன்றைக்கே பிடித்துச் சிறையில் வைத்து, சீனாவுக்கு அனுப்பியிருப்பார்கள். துரை இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, நீ எங்கள் ஆள், வீட்டுக்குப் போகலாம் என்றானாம். இவர் லயத்துக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார், “திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொன்னது இதுக்குத்தான் போல.” எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஐயா. அவர் திரும்பி வந்துவிட்டாரே என்ற நிம்மதிதான் வந்தது. ஆ செங்குக்காக நான் அழுதது மறுநாள்.

மறுநாள் அவனைச் செலண்டார் ஸ்டேஷன் முன்னால் பலகையில் கிடத்தியிருந்தார்கள். சனங்கள் வரிசையாக வந்து பார்த்து, தெரிந்தவர்கள் பேர் சொல்ல வேண்டுமாம். தோட்டத்திலிருந்து எங்களை லாரியில் கொண்டுபோனார்கள். புதுக்கிராமத்துச் சனங்களும் வந்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் முன்னால் சீனத்து அக்கா, தோளில் காவடிக் கழியும் காலிக் கூடையுமாக. நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். பலகைக்குப் பக்கம் வந்ததும் அவள் நின்றாள். மற்றவர்கள் நின்ற அளவுதான் நின்றாள். அவன் வாயோரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது, நான் ஆக்கிய சோறு. அவள் கை கொஞ்சம் மேலே எழுந்தது, துடைக்கப் போவதுபோல. பிறகு அந்தக் கையால் காவடிக் கழியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டாள். போலீஸ்காரன் கேட்டான். தலையை ஆட்டி, தெரியாது என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் அவள் மற்றப் பிள்ளைகளும் போயிருப்பார்கள். பெற்றவள் பிள்ளையைத் தெரியாது என்று சொல்லவேண்டி வந்ததே, அதை என் கண்ணால் பார்த்தேன். அவனைப் பேர் இல்லாமலே புதைத்தார்கள்.

அதோடு முடியவில்லை. முனியாண்டிக்குப் படைக்கிறேன் என்று ஆளைக் காட்டிக்கொடுத்தவன் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு காலை கதவைத் திறந்தால் எங்கள் வாசல்படியில் ஒரு வாழையிலை விரித்துக் கிடந்தது, ஒன்றும் பரிமாறாத இலை. யார் போட்டார்கள்? காட்டுக்காரர்களா, பக்கத்து வீட்டுக்காரியா, புதுக்கிராமத்திலிருந்து யாராவதா? இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து உன் அப்பா இலையில் சாப்பிடுவதில்லை. உன் கல்யாணத்திலும் அதனால்தான் உட்காரவில்லை. சம்பந்தி ஊட்டிவிட்டாலும் உட்கார மாட்டார், உன்மேல் அன்பில்லாமல் இல்லை.

தோட்டத்தை விட்டுக் கிளம்புகிறதற்கு முன் கடைசியாகச் செலண்டார் பாசாருக்குப் போனேன். சீனத்து அக்கா சாக்கை விரித்துக் காய் விற்றுக்கொண்டிருந்தாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன், அவள் கூப்பிட்டுவிட்டாள். “லாக்கி சுடா பாலிக்கா?” புருஷன் திரும்பி வந்துவிட்டாரா என்று கேட்டாள். வந்துவிட்டார் என்றேன். என்னையே பார்த்தாள். “பாய்க்லா,” நல்லது என்று சொல்லி, ஒரு கட்டுக் கங்கோங் கீரையை எடுத்து என் கூடையில் வைத்தாள். காசு நீட்டினேன், வாங்கவில்லை. அது மனசாரக் கொடுத்ததா, இல்லை, எனக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னதா? அந்தக் கீரையைச் சமைக்கவும் பயம், எறியவும் பயம். கடைசியில் சமைத்து, முதலில் நான் தின்று, ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்தபிறகே உன் அப்பாவுக்கு வைத்தேன். அவ்வளவு தூரம் பயம் என் மூளையைத் தின்றிருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அப்புறம்தான் விமானத் தளத்துக்குப் பக்கத்தில் இந்தப் பத்து பெரண்டாம் ஊருக்கு வந்து சேர்ந்தோம். விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் உன் அப்பா இன்னும் பழைய பயத்தில் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவார். நம் பக்கத்தைக் காட்டுக்காரர்கள் ஓய்ந்த வெள்ளைப் பகுதி என்று அறிவித்து, கேட்டைத் திறந்து, சோற்றுச் சட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். சுதந்திரம் வந்து கொடியும் மாறிவிட்டது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. யார் இந்த நாட்டுக்காரர் என்ற விஷயத்தில் எத்தனை பேச்சு பேசினார்கள்? ஜப்பான்காரன் சண்டை முடிந்ததும் முதலில் எல்லாருக்கும் உரிமை என்றார்கள். மலாய்க்காரர்கள் கோபித்துக்கொண்டதும் இல்லை என்றார்கள். பிறகு சிலருக்கு உண்டு, இத்தனை வருஷம் இருந்திருக்க வேண்டும், இன்ன பாஷை பேச வேண்டும் என்றார்கள். இப்போது வந்து பதிந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். நாளைக்கு என்ன சொல்வார்களோ? போலீஸ் துரை பலஸ்தீனத்திலிருந்து போனதுபோல இங்கிருந்தும் போய்விட்டான். அவன் மூட்டிவிட்டுப் போனதோடு இருக்க வேண்டியவர்கள் நாம்தான், சீனத்து அக்காவும் பாக் மாட்டும் உன் அப்பாவும். இப்போது அவன் உட்கார்ந்த மேசைக்கு உன்னை அனுப்புகிறார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். அவள் உன் முன்னால் வருவாள். உன் முகம் உன் அப்பா முகம், பார்த்ததும் தெரிந்துகொள்வாள். பிள்ளைகள் எத்தனை, எங்கே இருக்கிறார்கள் என்று நீ கேட்டுத்தான் ஆக வேண்டும், அது உன் வேலை. மூத்தவன் சிங்கப்பூரில் என்பாள். விலாசம் கேட்காதே. பழைய சிநேகிதன் என்று சிரித்துக்கொண்டு பேச்சை வளர்க்காதே. பக்கத்தில் அதிகாரி இருந்தால் அவர் காதில் சந்தேகம் விழுகிற மாதிரி தயங்காதே. ஆளைக் காணோம் என்று கிண்டினால் காட்டுக்குப் போனவன் வீடு என்று அவள் மனுவைத் தள்ளிவிடுவார்கள், பழைய விசாரணையைத் திறப்பார்கள், தெரியாது என்று உன் அப்பா சொன்ன பொய்யும் வெளியே வரும். ஒருவேளை அவள் உன் முகத்தைப் பார்த்து, மனசு பொறுக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். நீ படித்தவன். அவள் உன் நண்பனின் அம்மா என்பதை மட்டும் மறக்காதே. வேறு ஊருக்கு மாற்றல் கேள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்தால் அவன் கேட்பான் அல்லவா, மகன் எங்கே என்று? அதை நினைத்தால் நீ இருப்பதே மேல் என்று தோன்றுகிறது. பயந்துகொண்டே சொல்கிறேன், போ.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா வந்து நின்றார். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். உனக்குத் தெரியும், இத்தனை நாளாக எவ்வளவு சொல்லியும் அவர் தன் பேரைப் பதியப் போகவில்லை. பிறந்த ஊர் கேட்பார்கள், பழைய கேஸ் கேட்பார்கள் என்று பயம். இந்தியாவுக்கும் ஆகாமல் இந்த நாட்டுக்கும் ஆகாமல் நடுவில் கிடக்கிறார். கடிதத்தைக் கேட்டுவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். “அந்தக்கா மொதல்ல பிரஜா உரிமை வாங்கட்டும்,” என்றார். “வாங்கிட்டாங்கன்னு அவன் எழுதுனா, அடுத்த பஸ்ஸ பிடிச்சி நான் போயி வரிசையில நிக்கிறேன்.” எழுந்து போய், உன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே மாட்டியிருக்கிறார். நான் எழுதுகிற இடத்திலிருந்து அது தெரிகிறது.

இந்தக் கடிதத்தை உன் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டிவிட்டு அடுப்பில் போடு. அவளுக்குத் தெரிந்திருக்கட்டும், மாமனார் ஏன் தட்டில் சாப்பிடுகிறார் என்று தீபாவளிக்கு வரும்போது கேட்டு வைக்கப் போகிறாள். சீனத்து அக்கா வந்து போன அன்றைக்கே எனக்கு ஒரு வரி எழுது. அதுவரை எனக்கு உறக்கம் கிடையாது. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, அக்கா என்று கூப்பிடு. உட்கார நாற்காலி போடு. சிங்கப்பூர் என்று அவள் சொல்வாள். நிமிர்ந்து பார்க்காமல், நீயும் சிங்கப்பூர் என்றே எழுதிக்கொள்.

அம்மா